கால்சட்டைப் பை வழக்கு

குஹ்மோ, செப்டம்பர் 14

ரீக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன ஏரிக்கரை வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. என் மொபைல் நம் வீட்டு வாசலில் உன் மழைக்காலணிக்குள் கிடக்கும். எடுத்துக்கொள், எனக்கு இனி வேண்டாம். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு மில்லிக்கு நாற்பது லட்சம் விந்தணு என்றார் டாக்டர். ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்கவேண்டுமாம். நாற்பது லட்சம் வைத்திருப்பவனை ஏழை என்று சொல்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. உண்மையில் நானும் சிரிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் கொடுத்த படிவத்திலேயே இருந்தது: "மொபைலை எங்கே வைத்திருப்பீர்கள்?" சும்மாவா கேட்பார்கள்? வலது கால்சட்டைப் பையில், பத்தொன்பது வருடமாக. இரண்டு அங்குலம் தள்ளி என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருப்பில்லாமல் புகையாது. அந்த நெருப்பை அளந்து, "பரவாயில்லை, விற்கலாம்" என்று சான்றிதழ் கொடுக்கிற கம்பெனியில்தான் நீ சம்பளம் வாங்குகிறாய். "உன் சம்பளம் என் புள்ளைங்கள தின்னுட்டுல்ல வருது" என்று ஆஸ்பத்திரி வாசலில் கத்தினேன். குரலைக் குறைத்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

புது விந்தணு விளைய இரண்டரை மாதம் ஆகும் என்றாரே, நான் மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறேன். டிசம்பரில் கயானி ஆஸ்பத்திரியில் மறுபடி சோதனை. இங்கே சிக்னல் என்ற பேச்சே கிடையாது. பக்கத்து வீட்டு ஓஸ்மோ, பக்கத்து வீடு என்றால் நான்கு கிலோமீட்டர், தன் கூரைமேல் ஏறினால்தான் ஒரு கோடு வரும் என்கிறான். அவனுக்கு நாலு பிள்ளை, அவனும் போன் வைத்திருக்கிறானே என்று நீ கேட்பாய். அவன் மார்புப் பையில் வைக்கிறவன். விசாரித்துவிட்டேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் மாற்றுகிற வேலை கிடைத்திருக்கிறது. நல்ல காற்று, ஏரி மீன், சாயங்காலமானால் தினமும் சவுனாவில் ஆவிக் குளியல். உடம்பு தானாகத் தேறிவிடும். பார்த்துக்கொண்டே இரு.

ஆர்த்தூரி


தாம்பெரே, செப்டம்பர் 22

ஆர்த்தூரி,

மழைக்காலணிக்குள் காலை விட்ட பிறகுதான் போன் இருப்பது தெரிந்தது. அதில் முப்பத்தேழு அழைப்பு பதிவாகியிருந்தது. எல்லாம் நான் அடித்தவை. நீ ஒலியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதி மேசையில் வைக்கக் கை வரவில்லையா உனக்கு? அன்றைக்கு இரண்டு தட்டு வைத்துவிட்டு எட்டு மணிவரை காத்திருந்தேன்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியும், தெரியாததுபோல் நடிக்கிறாய். உப்பும் சர்க்கரையும் கரைத்த திரவம் நிரப்பிய ஒரு பொம்மை மனிதனின் இடுப்பில் போனை ஒட்டிவைத்து, அவனுக்குள் எவ்வளவு மின்காந்த அலை இறங்குகிறது என்று அளக்கிறேன். அளந்ததைத்தான் எழுதுகிறேன். மூன்று மாடலை நான் திருப்பி அனுப்பிய கதையும் உனக்குத் தெரியும்.

அலையால் ஒன்றும் ஆகாது என்று நான் எப்போது சொன்னேன்? கண்ணாடித் தட்டில் விந்தணுவை வைத்துப் பக்கத்தில் போனை வைத்தால் அதன் நீச்சல் மந்தமாகிறது என்று சில ஆய்வுகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்களை விசாரித்ததில், போனை அதிகம் தொடுகிறவர்களுக்கு எண்ணிக்கை குறைவு என்று சில ஆய்வு, சம்பந்தமே இல்லை என்று சில. அந்த ஆண்கள் வேறு என்னென்ன செய்தார்கள் என்பதை யார் கண்டது? பையில் வைக்காமல் இருந்தால் நஷ்டமில்லை, நானே சொல்வேன். ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் கட்டுவது அளக்காமல் துணி வெட்டுகிற வேலை.

இன்னொன்று. இந்த எண்ணிக்கையை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னார். "சரியாகாம இந்த வாசல மிதிக்கமாட்டேன்" என்றது நீ. மே பத்தொன்பதாம் தேதி எனக்கு நாற்பது முடிகிறது. அதற்குள் தொடங்காவிட்டால் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதுகிறாயே, யாருடைய மூன்று மாதம்? அவை என்னுடையவை.

இத்தோடு ஒரு சின்னக் கருவி அனுப்புகிறேன். உன்னைச் சுற்றி எவ்வளவு அலை இருக்கிறது என்று பத்து நொடிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் டிசம்பரில் ஓஸ்மோவின் கூரையைக் குற்றம் சொல்வாய். கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள். தூங்கும்போது, வேலை செய்யும்போது, குளிக்கும்போது, எப்போதும் கழற்றாதே. கழற்றினால் காட்டிக்கொடுக்கும்.

ரீக்கா


குஹ்மோ, அக்டோபர் 6

ரீக்கா,

உன் கருவி செத்துப்போய்விட்டது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் பச்சை விளக்கு அணைந்தது, பிறகு எழவில்லை. உன் கம்பெனிச் சாமான் இவ்வளவுதானா?

கழற்றினாயா என்று கேட்காதே. சொன்ன சொல் தவறவில்லை. தூக்கத்தில் அது விலாவில் குத்தியது. ஜன்னல் சட்டம் இழைக்கும்போது ஆடி ஆடி மோவாயில் இடித்தது. துணி இல்லாமல் சவுனாவில் உட்கார்ந்தபோதும் மார்பில் அது மட்டும் தொங்கியது. ஓஸ்மோ பார்த்துவிட்டு, "என்னடா, மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி?" என்றான். "பொண்டாட்டி கட்டுனது" என்றேன். "அப்ப சரி, மாடு காட்டுக்குள்ள ஓடிட்டா தேடணும்ல" என்று சொல்லிவிட்டு அடுப்புக் கல்மேல் தண்ணீரை ஊற்றினான்.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். உள்ளே பார். ஒரு துளி அலைகூட இருக்காது. நான் நன்றாக இருக்கிறேன், பசிக்கிறது, தூக்கம் வருகிறது. டிசம்பரில் நீ வெட்கப்படப் போகிறாய், அதற்கு இப்போதே தயாராகிக்கொள்.

நீ தட்டு வைத்துக் காத்திருந்ததை எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரியாது. அதை மட்டும் நான் செய்திருக்கக் கூடாது.

ஆர்த்தூரி


தாம்பெரே, அக்டோபர் 17

ஆர்த்தூரி,

உட்கார்ந்து படி.

பெட்டி செத்தாலும் அதன் பதிவு சாகவில்லை. அலைப் பத்தியில் நீ சொன்னது சரி, ஏறக்குறைய சுழியம். அந்தக் கருவி தன் அளவைத் திருத்திக்கொள்ள வெப்பநிலையையும் கூடவே குறிக்கும். நாங்கள் அந்தப் பத்தியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. என் பக்கத்து மேசை ஒரேஸ்தே பார்த்தான், இத்தாலியன், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வெப்பக்கோடு செங்குத்தாக ஏறி எண்பது டிகிரியைத் தாண்டி நிற்கிறது. ஒருநாள் எண்பத்தாறு.

"உன் வீட்டுக்காரர் பேக்கரியிலயா வேலை பாக்கறாரு?" என்று கேட்டான்.

"சேச்சே, அது சும்மா சவுனா" என்றேன். சொன்ன கையோடு அந்தக் கோட்டை நானே மறுபடி பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். போன் எங்கே வைப்பீர்கள் என்பது பதினொன்றாவது கேள்வி. பத்தாவது என்ன தெரியுமா? "வேலையிலோ வேறு இடத்திலோ கடும் வெப்பத்தில் இருக்க நேர்கிறதா?" நீ "இல்லை" என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். வாங்கிப் படித்த நர்ஸுக்கும் உறுத்தவில்லை, டாக்டருக்கும் உறுத்தவில்லை. உறுத்துமா? எல்லோரும் அதே பலகையில் உட்கார்ந்து வேர்த்து வளர்ந்தவர்கள். வெப்பம் என்றால் நமக்கு இரும்பு உருக்குகிற ஆலை. சவுனா எப்படி வெப்பமாகும், அது வெறும் சவுனா.

விதைப்பை உடம்புக்கு வெளியே இருப்பதே உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக வேண்டும் என்பதற்காகத்தான். வாரம் இருமுறை, மூன்று மாதம் சவுனாவில் உட்கார வைத்தே பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை இறங்கியது, நிறுத்திய சில மாதத்தில் திரும்பிவிட்டது. நீ இங்கே இருந்தபோது குடியிருப்பிலும் நீச்சல் குளத்திலுமாக வாரம் மூன்று நாள். அங்கே தினமும். அலையிலிருந்து தப்பி அடுப்பில் போய் விழுந்திருக்கிறாய்.

இன்றே நிறுத்து. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

ரீக்கா


குஹ்மோ, அக்டோபர் 26

ரீக்கா,

என்னிடம் எதை வேண்டுமானாலும் கேள். பீரை விடச் சொல், விடுகிறேன். என் அப்பா சவுனாவில் பிறந்தவர். அவரோடு பிறந்த ஐந்து பேரும் அதே பலகையில்தான் பிறந்தார்கள். அந்தப் பலகை இங்கே இன்னும் இருக்கிறது. பிள்ளை பிறக்கிற இடம் பிள்ளையைக் கொல்கிறது என்று ஒரு இத்தாலியன் சொல்லி நீ கேட்கிறாய்.

இந்த நாட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வெந்துகொண்டுதான் பிள்ளை பெற்றார்கள். போன் வந்து எத்தனை வருடம்? அதற்குப் பதில் எழுது.

டிசம்பர் சொல்லும்.

ஆர்த்தூரி


தாம்பெரே, நவம்பர் 2

ஆர்த்தூரி,

பதில்: அவர்கள் சனிக்கிழமை மட்டும் போனார்கள், நீ தினமும் போகிறாய். அதோடு ஐந்து கோடி வைத்திருப்பவனுக்குப் பாதி போனாலும் தெரியாது. உனக்கு ஒருவேளை பிறவியிலேயே கொஞ்சம்தான் இருந்ததோ என்னவோ, இழக்க இடமில்லை.

சரி, டிசம்பர். அதுவரை நான் எழுதப் போவதில்லை.

ரீக்கா


குஹ்மோ, டிசம்பர் 17

ரீக்கா,

தொண்ணூற்றெட்டு நாள் போன் இல்லை. கயானியிலிருந்து தபால் வந்தது.

இருபது லட்சம்.

ஆர்த்தூரி


குஹ்மோ, டிசம்பர் 26

ரீக்கா,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஏரியைச் சுற்றி எல்லாச் சவுனாவிலும் புகை எழுந்தது, என்னுடையதைத் தவிர. ஓஸ்மோ பதறிப்போய் வண்டியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நான் செத்துக் கிடப்பேன் என்று நினைத்தானாம்.

"கிறிஸ்துமஸ் சவுனா வேணாங்கிறியா? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல."

"பின்ன? மதம் மாறிட்டியா?"

சொல்லிவிட்டேன். நாற்பது லட்சம், இருபது லட்சம், எல்லாவற்றையும். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "எனக்கும் அவளுக்கும் மூத்தவன் பொறக்க ஆறு வருஷம் ஆச்சு. அந்த ஆறு வருஷமும் சவுனா இடிஞ்சு கெடந்து நான் எப்பவாவதுதான் இன்னொருத்தன் வீட்டுக்குப் போய்க் குளிச்சேன். சூடு கொறஞ்சும் புள்ள வரல. அதனால உன் கத எனக்குப் புரியல. ஆனா நீ இன்னைக்கு எங்க வீட்ல சாப்பிடற" என்று இழுத்துக்கொண்டு போனான். அவர்கள் எல்லோரும் சவுனாவிலிருந்து சிவந்து வந்து உட்கார்ந்தார்கள். நான் தொட்டியில் குளித்துவிட்டு, வெளுத்துப்போய், பன்றித் தொடையும் கிழங்கும் தின்றேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், திரும்பச் சொல்லமாட்டேன். போன் என்றால் குற்றவாளி வேறு யாரோ. கம்பெனி, கோபுரம், நீ. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. சவுனா என்றால் நானேதான், என் கையாலேயே, விறகு வெட்டி, மூட்டி, நாள் தவறாமல். அந்த டாக்டர் எண்ணைச் சொன்ன நாளிலிருந்து நான் அழுததெல்லாம் அந்தப் பலகையில்தான். வேறெங்கும் எனக்கு அழ வராது. அதையும் விடச் சொல்லி நீ கேட்டதும்தான் கோபம் வந்தது.

சவுனாவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி ஓஸ்மோவின் மனைவியிடம். அவள் கெட்டிக்காரி, கெஞ்சினாலும் தரமாட்டாள். மார்ச் கடைசியில் மறுபடி சோதனை.

நாற்பது லட்சத்தை இருபது லட்சமாக்க உன் மூன்று மாதத்தைச் செலவழித்தேன். என்னை மன்னித்துவிடு.

ஆர்த்தூரி


தாம்பெரே, ஜனவரி 9

ஆர்த்தூரி,

உன் டிசம்பர் பதினேழாம் தேதிக் கடிதத்துக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் சொல்கிறேன். என் கணிப்பு பலித்துவிட்டது என்று முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கணிப்பு பலித்தால் எனக்கும்தானே பிள்ளை இல்லை? அதற்குப் பிறகு இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை.

நீ மட்டும் விரதம் இருக்கவேண்டாம் என்று நம் குடியிருப்புச் சவுனாவில் நமக்கிருந்த வெள்ளிக்கிழமை ஏழு மணி முறையை விட்டுக்கொடுத்தேன். பதினோரு வருடம் வரிசையில் நின்று வாங்கிய முறை. மறுநாளே மூன்றாம் மாடி வுவொக்கோ லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விவாகரத்தா?"

"இல்லையே."

"வெள்ளிக்கிழம ஏழு மணிய யாராவது சும்மா விடுவாங்களா? எங்கிட்ட மறைக்காத. அவரு ஊர்லயும் இல்ல."

மறுக்க மறுக்க அவளுக்கு உறுதியாகிவிட்டது. இப்போது குடியிருப்பு முழுக்க நமக்கு விவாகரத்து. இரண்டு பேர் கேக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேக் நன்றாக இருந்தது. தனியாகத் தின்னும்போது, இவர்கள் சொல்வது உண்மையாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

நீ அழுததை என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் இங்கே அளவுக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். சத்தம் வெளியே போகாத அறை அது. சேர்ந்தே அழுதிருக்கலாம், பெட்ரோல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

மன்னிப்புக் கேட்டிருந்தாய். எப்போது திரும்பி வருகிறாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நானாகக் கேட்கமாட்டேன்.

ரீக்கா


குஹ்மோ, மார்ச் 30

ரீக்கா,

நான் உன்னிடம் திரும்பி வரலாமா? முதலில் இதற்குப் பதில் வேண்டும். அதனால் முதல் வரியில் வைத்தேன். மற்றதைப் படிக்கும் முன் மனதுக்குள் ஒரு பதில் சொல்லிவிடு.

இனி மற்றது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் தொலைபேசி எண் எழுதாவிட்டால் வாங்கமாட்டோம் என்றார்கள். ஓஸ்மோவின் எண்ணைக் கொடுத்தேன். நேற்று காலை பத்து மணிக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சிக்னலுக்கு அவன் கூரைமேல்தான் ஏறவேண்டும். பனி ஒரு முழம் கிடந்தது. ஓஸ்மோ ஏணியைப் பிடித்துக்கொண்டான், அவன் மனைவியும் பிள்ளைகளும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு போனைக் காதில் வைத்தேன். காது ஒன்றும் கருகவில்லை.

நர்ஸ் என் பிறந்த தேதியைக் கேட்டாள். பிறகு, "ஒரு கோடியே எழுபது லட்சம்" என்றாள்.

"போதுமா?" என்றேன்.

"எதுக்குங்க?"

"கொழந்தைக்கு."

"கொழந்தைக்கு ஒண்ணு போதுங்க" என்றாள். "மிச்சமெல்லாம் கூட்டம்."

கூரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே, "விழுந்துட்டானா, அழறானா?" என்று ஓஸ்மோ கத்தினான். "ரெண்டும் இல்ல" என்று கத்தினேன். ஒன்று பொய்.

சவுனாவைப் பூட்டித் தொண்ணூற்று நாலு நாள். போன் விஷயத்தில் நான் முழுக்கத் தோற்கவில்லை என்பதையும் எழுதிக்கொள். அதன் பாதிப்பு நீங்க ஆறு மாதம் பிடித்திருக்கலாம். நீ அதை மறுத்து நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சண்டையை நம் வீட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து போட ஆசைப்படுகிறேன். ஜன்னல் வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

ஆர்த்தூரி


தாம்பெரே, ஏப்ரல் 4

ஆர்த்தூரி,

முதல் வரியைப் படித்ததுமே "வா" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டே சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஆறு மாதக் கதையை நம்பமாட்டேன். செப்டம்பரிலிருந்து போன் இல்லை, டிசம்பரில் இறங்கியது. சவுனா நின்றது, மார்ச்சில் ஏறியது. இதற்குமேல் என்ன வேண்டும்? சரி, வா, மேசையில் பேசிக்கொள்ளலாம். போனைத் திருப்பித் தருகிறேன், மார்புப் பையில் வை. அதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை.

ஒன்றை மட்டும் நேரில் பார்த்தால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். ஏழு மாதமாக நீ என்னிடம் கேட்டதெல்லாம் எண்ணைத்தான். எனக்கு வேண்டியிருந்தது எண் இல்லை. இந்தக் கடிதத்தில்தான் என்னை முதலில் கேட்டாய்.

மே ஆறாம் தேதி காலை எட்டரைக்கு நமக்கு முதல் சிகிச்சை. பிறந்தநாளுக்குப் பதின்மூன்று நாள் முன்னால். இரண்டு பேருடைய பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உன் நல்ல செய்தி வந்த பிறகு வாங்கிய தேதி இது என்று நினைக்காதே. பிப்ரவரியிலேயே வாங்கிவிட்டேன். அப்போது உன்னிடம் இருந்தது இருபது லட்சம்தான்.

ரீக்கா